பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவை மறுபடி வாசியுங்கள்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஓர் அச்சகக்காரரின் திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவைக்குப் போயிருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 31 வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் பிழைப்பு. நான் சட்டம் படித்தவனில்லை. ஆனால் என் கடையிலிருந்து போகிற எல்லா நோட்டீஸின் அடியிலும் பொடி எழுத்தில் என் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. ஏதாவது வில்லங்கம் என்றால் முதலில் தேடி வருவது அந்தப் பெயரைத்தான். அதனால் எதை அச்சடிக்கலாம், எதற்கு உள்ளே போவோம் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

போன வருஷம் ஐப்பசியில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஊருக்கு மேற்கே கல்குவாரி வருவதை எதிர்த்து ஆர்ப்பாட்டம், 500 நோட்டீஸ் வேண்டும் என்றார். நோட்டுத் தாளில் பேரப்பிள்ளை எழுதிக் கொடுத்த மேட்டர். கிணறு வற்றுவது, வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரிசல் விடுவது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "எங்கள் மண்ணை ஆள எவனுக்கும் உரிமையில்லை." டைப் பண்ணும் பெண் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இது இருக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் ப்ரூஃபை வாங்கிச் சிவப்புப் பேனாவால் அந்த வரியை எடுத்துவிட்டேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. "சரி தம்பி, நீங்க சொல்றபடியே போடுங்க" என்று 300 ரூபாய் அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வரியை எடு என்று எந்த அதிகாரியும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு நோட்டீஸுக்காக ஒரு காவல் நிலையத்தில் காலை பத்து மணியிலிருந்து இருட்டும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மேட்டர் யார் கொடுத்தது?" என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வழக்கும் போடவில்லை. அந்த பெஞ்ச் இன்னும் என் கூடவே இருக்கிறது. சிவப்புப் பேனாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

ஒரு வாரம் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். நான் எடுத்த இடத்தில், நீலப் பேனாவால் அந்த வரியைக் கையாலேயே எழுதியிருந்தார்கள். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததிலும் எழுதியிருந்தது, வேறு கையெழுத்து. ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதியிருக்க வேண்டும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 152ஆம் பிரிவைத் தயவுசெய்து மறுபடி வாசியுங்கள். பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ மின்னணு வழியிலோ பணத்தாலோ பிரிவினையை, ஆயுதக் கிளர்ச்சியை, நாசவேலையைத் தூண்டினால் குற்றம். சரி, இதுவரை எனக்கும் மறுப்பில்லை. அதற்கு அடுத்து வருவதைப் பாருங்கள். பிரிவினைச் செயல்களுக்கான "உணர்வுகளை" ஊக்குவித்தாலும் குற்றம். நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து உண்டாக்கினாலும் குற்றம். தண்டனை ஆயுள், அல்லது ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பழைய சட்டத்தில் தேசத்துரோகப் பிரிவு என்று சொல்லப்பட்ட 124அ பிரிவில் ஆயுளுக்கு அடுத்த தண்டனை மூன்று ஆண்டுதான். பெயரை எடுத்துவிட்டார்கள், தண்டனையைக் கூட்டிவிட்டார்கள்.

உணர்வை எப்படி அளப்பது? குண்டு வைத்தவனிடம் குண்டு இருக்கும், வரைபடம் கொடுத்தவனிடம் வரைபடம் இருக்கும். "எங்கள் மண்ணை ஆள எவனுக்கும் உரிமையில்லை" என்ற வரியில் என்ன உணர்வு இருக்கிறது என்று யார் சொல்வது? எழுதிய சிறுவன் குவாரிக்காரரை நினைத்து எழுதினான். நிலையத்தில் இருப்பவர் வேறு எதையாவது நினைத்து வாசிக்கலாம். அரசின் நடவடிக்கையைச் சட்ட வழியில் மாற்றச் சொல்லி விமர்சிப்பது குற்றமில்லை என்று அதே பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. நல்லது. ஆனால் அந்த விளக்கத்தைக் காட்டி வாதாட வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கே போய்ச் சேருவதற்குள் மனிதனின் வருமானமும் பெயரும் போய்விடும்.

கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி, பழைய 124அ பிரிவில் 2015 முதல் 2020 வரை 356 வழக்குகள் பதிவாகி, 548 பேர் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் 12 பேர். மற்றவர்களின் கதையைச் சொல்ல எந்தக் காப்பகத்திலும் பத்தி ஒதுக்கவில்லை.

என் மாவட்டத்துப் பக்கத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் 2011, 2012இல் நடந்த போராட்டத்தின்போது ஆயிரக்கணக்கான மீனவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு போடப்பட்டது. வலை பின்னுகிறவர்கள், பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் அதில் அடக்கம். 2013 மே மாதம் அணு உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறமும் அவை வருஷக் கணக்கில் இழுத்தன. வழக்கு நிலுவையில் இருந்ததால் பாஸ்போர்ட் கிடைக்காமல் வளைகுடா வேலையை விட்டவர்கள் அந்தக் கரையில் உண்டு. அவர்களால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன குறை வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இதை ஒரு கட்சி மேல் பழி போட எழுதவில்லை. கூடங்குளம் வழக்குகள் ஓர் ஆட்சியில் போட்டவை. மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காகப் பாடகர் கோவன் 2015இல் 124அ பிரிவில் கைதானதும் அந்த ஆட்சியில்தான். வைகோ மேல் 2009இல் ஒரு பேச்சுக்காக வழக்குப் போட்டது இன்னோர் ஆட்சி. அந்த வழக்கில் 2019 ஜூலையில் அவருக்கு ஓராண்டு தண்டனை விதித்தார்கள். அதே மாதம் அவர் மாநிலங்களவையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். உண்மையிலேயே நாட்டுக்கு ஆபத்தானவர் என்று இரண்டு ஆட்சிகளும் நம்பியிருந்தால் அது நடந்திருக்குமா?

அவருடைய முந்தைய அனுபவத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிய கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. சில மாதத்தில் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே பொடாவில் கைதாகி ஏறக்குறைய 19 மாதம் சிறையில் இருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்கு உதவும் எண்ணம் இல்லாமல் வெறுமனே ஆதரவாகப் பேசுவது அந்தச் சட்டத்தில் குற்றமாகாது என்று தெளிவுபடுத்திய பிறகே நிலைமை மாறியது. கைதட்டி நிறைவேற்றுகிற சட்டம் யார் கையில் போய்ச் சேரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரிவதில்லை. இன்று நீங்கள் இருக்கும் பக்கம் நாளைக்கு மாறும். அப்போதும் 152 அங்கேயே இருக்கும்.

நாட்டின் பாதுகாப்பைப் பற்றி எனக்கு அக்கறையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று நடந்ததை மறந்து யாரும் தமிழ்நாட்டில் இதைப் பேச முடியாது. பேச்சைத் தடுத்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. 2008 நவம்பரில் மும்பைப் பயங்கரவாதத் தாக்குதலின்போது கமாண்டோக்கள் எந்த வழியாக இறங்குகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் உட்கார்ந்து தொலைபேசியில் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே உளவுத் தகவலாகப் போனது. அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பின் மேல்முறையீட்டில் 2012இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஒரு வரி சேர்த்தார்கள்: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது நேரலை கூடாது, அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் சொல்லலாம், நடவடிக்கை முடியும் வரை.

இந்த விதியை நான் மனதார ஏற்கிறேன். எதைக் காட்டக் கூடாது, எப்போது, எதுவரைக்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கேமராக்காரர் அதை வாசித்தால் தான் என்ன செய்யக் கூடாது என்று அவருக்குப் புரியும். நடவடிக்கை முடிந்த மறு நிமிஷம், அரசு கோட்டை விட்டது எங்கே என்று அதே தொலைக்காட்சி கேட்கலாம். 152ஐ வாசித்து நான் எந்த வரியை அச்சடிக்கலாம் என்று எனக்குச் சொல்ல முடிகிறவர் யாராவது இருந்தால் சொல்லட்டும். நான் கேட்டுப் பார்த்த மூன்று வக்கீல்களும் "எதுக்கு வம்பு, விட்டுடுங்க" என்றுதான் சொன்னார்கள்.

பொய்ப் பேச்சு ஊரைக் கொளுத்தும் என்பதும் எனக்குத் தெரியும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்களைப் பரப்பினார்கள். திருப்பூர், கோயம்புத்தூர் பக்கத்தில் பயந்துபோய்ப் பெட்டியைக் கட்டியவர்கள் ஏராளம். அப்படிப் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது சரி. ஆனால் அந்தப் பயத்தைத் தணித்தது எது? அதிகாரிகள் தொழிலாளர்களின் குடியிருப்புக்கே போய் இந்தியில் பேசினார்கள். போலீஸ் அந்த வீடியோக்கள் பொய் என்று உடனுக்குடன் விளக்கியது. பீகாரிலிருந்து ஓர் அரசுக் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. உண்மையைச் சத்தமாகச் சொன்னதில்தான் அது அடங்கியது. அந்த விவகாரத்தில் ஒருவரைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலும் தடுப்புக் காவலில் வைத்தார்கள், உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சாதாரணச் சட்டமே போதுமாக இருந்த இடத்தில் பெரிய சட்டத்தை எடுத்ததால், பொய் பரப்பியவர் பாதிக்கப்பட்டவராக மாறிவிட்டார். இதை மாநில ஆளுங்கட்சி உறுப்பினர்கள் யாராக இருந்தாலும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் மற்ற மாநிலத்தவரைவிட உங்களுக்குப் பொறுப்பு கூடுதல் என்று நான் நினைக்கிறேன். காரணம் இருக்கிறது.

1908 மார்ச்சில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பேசிய பேச்சுக்காக வ.உ.சிதம்பரனாரைக் கைது செய்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, ராஜதுரோகத்துக்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னும் 20 ஆண்டு என்று தீர்ப்பு எழுதினார். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு இப்போது கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. ஆஃப்செட் மிஷின் வாங்கச் சென்னைக்குப் போனபோது போய்ப் பார்த்தேன். மாடு இழுக்க வேண்டிய கல். பேசிய வாய்க்குத் தண்டனையாக இந்தக் கல்லைக் கொடுத்திருக்கிறார்களே என்று வெகுநேரம் அங்கேயே நின்றேன். (அந்தக் காலத்தில் அதற்கு ராஜதுரோகம் என்றுதான் பெயர். அரசாங்கத்தின் மேல் அதிருப்தியை உண்டாக்குவதுதான் குற்றம். பிற்பாடு நம் வாயில் அது தேசத்துரோகம் ஆகிவிட்டது. அரசைத் திட்டினால் தேசத்தையே திட்டியதாக ஆனது அப்படித்தான்.)

1950இல் சென்னை மாகாண அரசு, பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் பத்திரிகை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் தூக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் பதஞ்சலி சாஸ்திரி. தெருவில் சச்சரவு வருவது வேறு, நாட்டின் பாதுகாப்பே குலைவது வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேச்சை அடக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1951இலேயே அரசியல் சட்டத்தைத் திருத்திப் பொது ஒழுங்கு என்ற காரணத்தையும் சேர்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று அண்ணா. 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் எழுந்து தன் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார். அதற்கு முன்னால் ஊர் ஊராக மேடை போட்டு அதையேதான் பேசினார்கள். அந்தக் கோரிக்கையோடு தேர்தலில் நின்று 1957இல் 15 இடம், 1962இல் 50 இடம் ஜெயித்தார்கள். என் அப்பா அந்தக் கூட்டங்களுக்கு நோட்டீஸ் அச்சடித்தவர். கால் மிஷினில் ராத்திரி முழுக்க மிதித்ததைப் பெருமையாகச் சொல்வார். 1962 அக்டோபரில் சீனப் போர் வந்ததும் அண்ணா அந்தப் பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு யுத்த முயற்சிக்கு ஆதரவு சொன்னார். அடுத்த ஆண்டு கட்சி அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. 1967இல் ஆட்சிக்கு வந்தது. தனி நாடு கேட்டவர் இந்திய ஒன்றியத்தின் ஒரு மாநிலத்துக்கு முதலமைச்சராகி, அதற்குத் தமிழ்நாடு என்று பெயரும் வாங்கிக் கொடுத்தார்.

1963இல் 16ஆவது திருத்தம் வந்து, பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலை ஆனதால்தான் கைவிட்டார்கள் என்று சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் வேட்பாளரிடம் உறுதிமொழி கேட்டது. அத்தனை வருஷம் பேசியவர்களை ஆயுளுக்கும் உள்ளே தள்ளவில்லை. அந்த மசோதாவையே மாநிலங்களவையில் நின்று அண்ணா எதிர்த்துப் பேச முடிந்தது. பேச மேடை இருந்தது, நிற்கத் தேர்தல் இருந்தது, மனம் மாற வழி இருந்தது. 152 அன்றைக்கு இருந்திருந்தால் அப்பா அச்சடித்த ஒவ்வொரு நோட்டீஸும் பிரிவினை "உணர்வை ஊக்குவித்த" சான்றுப் பொருள். அந்தக் கூட்டத்தை முழுக்க உள்ளே போட்டிருந்தால் அதிலிருந்து முதலமைச்சர் வந்திருப்பாரா, ஆயுதம் வந்திருக்குமா? பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983இல் தனி நாடு கேட்பதையே அரசியல் சட்டத் திருத்தத்தால் தடுத்து, தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறும் நிலையை உண்டாக்கினார்கள். பேசுகிறவர்கள் போன இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதை நம் கரையில் வந்து இறங்கிய அகதிகளைப் பார்த்து நாம் தெரிந்துகொண்டோம். அந்தப் போருக்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு காரணம்.

சரி, நான் கேட்பது என்ன?

152இல் "உணர்வு" என்ற சொல்லை எடுக்க வேண்டும். பேச்சுக்கும் வன்முறைக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் மட்டுமே குற்றம் என்று எழுத வேண்டும். 1962இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே, வன்முறையைத் தூண்டாத வெறும் கண்டனம் ராஜதுரோகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அறுபது வருஷம் அதைப் படிக்காத காவல் நிலையங்களில்தான் வழக்குகள் பதிவாயின. தீர்ப்பில் இருப்பது சட்டத்தின் எழுத்திலேயே இருந்தால்தான் எஸ்.ஐ. மேசை வரைக்கும் போகும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். இந்தப் பிரிவில் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 217ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கைதுக்கு அந்த அனுமதி வேண்டாம். முதலில் ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, அப்புறம் ஆற அமர அனுமதி கேட்கலாம். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. எம்.பி. இம்ரான் பிரதாப்கடியின் கவிதை வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பேச்சு பற்றிய புகார்களில் அந்த வழியைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்றது. ஆயுள் வரை தண்டனை உள்ள 152க்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. சின்னக் குற்றத்துக்கு விசாரித்துவிட்டுப் பிடி, பெரிய குற்றத்துக்குப் பிடித்துவிட்டு விசாரி என்று ஆகிறது. முன் அனுமதியையும் முதற்கட்ட விசாரணையையும் கைதுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு பேச்சு உண்மையிலேயே நாட்டைக் கவிழ்க்கும் என்றால் ஓர் உயர் அதிகாரி அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட இரண்டு நாள் ஆகட்டுமே.

2023 டிசம்பரில் இந்தச் சட்டம் நிறைவேறியபோது இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். உங்களில் சிலரும் அதில் இருந்தீர்கள். அன்று பேச முடியாமல் போனதை இப்போது பேசலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம் இருக்கிறது. அதனால் என்ன ஆகிவிடும் என்று சொல்லாதீர்கள். திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை ஏகமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது அதுதான் முதல் முறை. மக்களவையைத் தாண்டாவிட்டாலும் நாடு அதைப் பேசியது.

உங்களில் எந்தக் கட்சிக்காரர் 152க்குத் திருத்த மசோதா கொண்டுவந்தாலும் சரி, அதன் தமிழ் வடிவத்தை 1,000 பிரதி என் செலவில் அச்சடித்து எங்கள் தாலுகா முழுக்கக் கொடுக்கிறேன். முதல் பிரதி அந்தக் குவாரி ஊர்ப் பெரியவருக்கு. அடியில் என் அச்சகத்தின் பெயர் இருக்கும்.

இப்படிக்கு,
தென் மாவட்டத்து அச்சகக்காரன்